கரண்டு மோட்டாரும் உன் அம்மாவும்

அன்பு மகள் கயலுக்கு,

புத்ராஜெயாவில் புது அறை, புது அரசாங்க அலுவலகம், புதுச் சாப்பாடு எல்லாம் எப்படி இருக்கின்றன? நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உன் அம்மா காலையிலிருந்து என்னைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறாள். "அப்பா, என்னை மின்வாகனப் பிரிவுல போட்டுட்டாங்க. நாட்டுல எல்லாரையும் எலெக்ட்ரிக் வண்டிக்கு எப்படி மாத்துறதுன்னு திட்டம் போடுற எடம். நம்ம வீட்டு மோட்டார் சைக்கிளைத் தவிர எனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டாய். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. நான் "போகப் போகத் தெரிஞ்சிக்கலாம் லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தோன்றியது, நம் வீட்டு மோட்டாரைப் பற்றியே உனக்குப் பாதிதான் தெரியும். அந்தச் சமயத்தில் நீ கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட் வேலை, தொழிற்சாலை ஹாஸ்டலில் தங்கல். மீதியை நான் எழுதினால்தான் ஆகும். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து கதையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவாள்.

என் கண்ணில் ஆரம்பிக்கிறேன். இனிப்பு நீர் வியாதி எனக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது உனக்குத் தெரியும். காலில் வரும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். எனக்குக் கண்ணில் வந்தது. பாடாங் மேஹா வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை வேலைக்கு உன் அம்மாவைக் காலையில் நான்தானே பின்னால் ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில், எதிரே வந்த பழ லாரிக்கு ஒதுங்குகிறேன் என்று நினைத்து, சாலையோரக் கால்வாய்க்குள் மோட்டாரை இறக்கிவிட்டேன். கால்வாய் இடதுபுறம் அவ்வளவு கிட்டத்தில் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. உன் அம்மா மடியில் வைத்திருந்த மிளகாய்ச் சம்பால் பாத்திரம் கவிழ்ந்து, என் முதுகு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. லாரிக்காரர் ஓடி வந்து, ரத்தம் என்று நினைத்து "அல்லா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உன் அம்மா கால்வாய்க்குள் நின்றபடியே, "அது சம்பால் லா அண்ணே, பயப்படாதீங்க" என்று தமிழிலேயே அவருக்குச் சமாதானம் சொன்னாள். இன்றைக்குச் சிரிக்கிறோம்.

டாக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டு இனி மோட்டார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் உன் அம்மாவிடம், "சரி, நீயும் வேலையை விட்டுடு. என் பென்ஷன் பணம் இருக்கு, மகள் சம்பாதிக்குது, சமாளிப்போம்" என்றேன். பெரிய தியாகம் செய்கிற மாதிரிதான் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்க கண்ணு கெட்டுப்போனா என் வேலை ஏங்க போவணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்ட மாதிரி இருந்தது. அந்தச் சிற்றுண்டிச்சாலையில் அரிசிச் சேமியா பரிமாறுகிற அவளைப் பிள்ளைகள் "மீகூன் பாட்டி" என்று கூப்பிடுவதும், அவள் அங்கே போனால் நடையே மாறிவிடுவதும் எனக்குத் தெரியாததல்ல.

அந்த வாரம்தான் நீ லீவில் வந்து அந்த விஷயத்தைச் சொன்னாய். அரசாங்கம் மின்வாகனத்துக்கு என்னென்னவோ சலுகை கொடுக்கிறது என்று சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாய். மின்சாரக் காருக்கு இறக்குமதி வரி இல்லை, சில வருடங்களுக்கு ரோட் டேக்ஸ் இல்லை, வீட்டில் சார்ஜ் போடும் கருவி வாங்கினால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். நான் சிரித்தேன். "நமக்கு ஓட்டக் காடியும் இல்லை, கட்ட வருமான வரியும் இல்லை. எதுல எதைக் கழிக்கிறது?" என்று கேட்டேன். நீ முறைத்துவிட்டு, "அதான்பா, முழுசாக் கேளுங்க. வருமானம் கம்மியா இருக்கிறவங்க எலெக்ட்ரிக் மோட்டார் வாங்கினா கடையிலயே வெலையில தள்ளுபடி உண்டு. கியர் கிடையாது. அம்மாவே ஓட்டலாம்" என்றாய். 'அம்மாவே ஓட்டலாம்' என்று நீ சொன்னதும் நான் மறுபடியும் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அவள் அதற்குள் மனசில் மோட்டாரில் ஏறிவிட்டாள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கியர் இல்லாத மோட்டார் வாங்கப் போகிறோம், ஆகவே வண்டி ஓட்டுகிற லெசென் சோதனையும் சுலபம் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள். ஓட்டுநர் பள்ளிக்குப் போனால், அங்கே கியர் வைத்த பழைய கப்சாய் மோட்டார்தான் நிற்கிறது. "எலெக்ட்ரிக் மோட்டார் வாங்க அரசாங்கம் காசு குறைக்குது. ஆனா லெசென் எடுக்க இந்தக் கெழட்டு மோட்டாரைத்தான் ஓட்டணுமாம்" என்று வாசலிலேயே நியாயம் பேசினாள். பயிற்சி கொடுத்தவர் ரோஸ்னா என்ற மலாய்க்கார அம்மா. உன் அம்மா வயதுதான். பெரிய கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். எல்லாரும் அவரைச் சிக்கு ரோஸ்னா, அதாவது ரோஸ்னா டீச்சர், என்று கூப்பிட்டார்கள். உன் அம்மா சொன்னதைக் கேட்டு அவரும் "பெத்துல் ஜுகா, காக்", அதுவும் சரிதான் அக்கா என்று ஒத்துக்கொண்டு, அதே கப்சாயைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

நான் கூடப் போய் வேலிக்கு வெளியே நின்றுகொள்வேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே தித்தி என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் நீளமான ஒடுக்குப் பாலம். அதன் மேல் விழாமல் ஓட்டிப் போக வேண்டும். உன் அம்மா ஏறுவாள், பாதியில் இறங்கிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சிக்கு ரோஸ்னா பின்னாலேயே ஓடி வந்து, "காக், ஜாங்கான் தெங்கோக் பாவா! தெங்கோக் டெப்பான்!" என்று கத்துவார். கீழே பார்க்காதே, முன்னால் பார் என்று. இவள் முன்னால் பார்த்தால் வேலியில் நான் நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் கோபத்தில் மறுபடி கீழே பார்ப்பாள், மறுபடி விழுவாள். கடைசியில் சிக்கு ரோஸ்னா நேராக என்னிடம் வந்து, மரியாதையாகத்தான், "அபாங், டீ குடிச்சிட்டு வாங்க" என்று தமிழிலேயே சொன்னார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம். நான் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் உன் அம்மா தித்தியை முழுசாகத் தாண்டினாள். நான் பார்க்கவில்லை.

முதல் சோதனையில் தோற்றாள். எப்படித் தோற்றாள் என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதை மீற மாட்டேன். தோற்றுவிட்டு வந்து முகம் கழுவினாள், தோசை சுட்டாள், சாப்பிட்டுவிட்டு, "அடுத்தது எப்ப வைக்கிறாங்கன்னு போன் போட்டுக் கேளுங்க" என்றாள். அடுத்த தடவை தேறிவிட்டாள். சிக்கு ரோஸ்னாவும் இவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததைப் பார்த்து, சோதனை எடுத்த அதிகாரி நோட்டிலிருந்து தலையைத் தூக்கிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

மோட்டார் வந்த நாளில் நீ இருந்தாய், படம் எல்லாம் எடுத்தாய். அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. முதலாவது, சத்தம் இல்லை. கோழி நகராது, நாய் நகராது, கோவில் பக்கம் கூட்டமாக நின்று பேசுகிற ஆம்பளைகள் நகர மாட்டார்கள். ஹாரன் அடித்தால் எல்லாரும் எங்கே என்று சுற்றிப் பார்க்கிறார்கள், வழி விடுவதில்லை. அதனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டே போக வேண்டியதாயிற்று. இத்தனை வருடம் மோட்டார் ஓட்டியவன் கடைசியில் ஹாரன் வேலைக்கு வந்துவிட்டேன். இரண்டாவது, பேட்டரி. கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்து, சமையலறையில் சோறு ஆக்கும் குக்கர் செருகும் இடத்திலேயே சார்ஜ் போடுவோம். குக்கர் முதலா பேட்டரி முதலா என்று தினமும் ஒரு பேச்சு. கரண்டில் ஓடுகிற வண்டி மழையில் நனைந்தால் ஷாக் அடிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் கொட்டுகிற மழையில் உன் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, சொட்டச் சொட்ட நின்றபடி, "தொட்டுப் பாருங்க, அடிக்குதான்னு" என்று கையை நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத முக்கியமான பகுதி. பாலிங்கில் உன் சித்தி மகளுக்கு வளைகாப்பு நடந்ததே, நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோமே, அந்த நாள். 'வழியில் கொஞ்சம் வேலை' என்று மட்டும் பிறகு போனில் உன்னிடம் சொன்னோம். பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னேன். மூத்த பெரியம்மா என்ற முறையில் முதல் வளையல் இவள்தான் போட வேண்டும், பஸ் எப்போது வரும் என்று யார் காத்திருப்பது, மோட்டாரிலேயே போவோம் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். சார்ஜ் போடும் கருவியையும் பையில் எடுத்து வைத்தாள். "பாலிங் போறதுக்கு எதுக்கு அதெல்லாம், சொமையா?" என்று கேட்டேன். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டு பேர், வளையல் பெட்டி, ஒரு டின் முறுக்கு. கோல கெட்டில்வரை ராஜா மாதிரி போனோம். அதற்குப் பிறகு மேடும் பள்ளமுமாக வரத் தொடங்கியதும், பேட்டரி அளவு காட்டுகிற கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பாலிங் மலை கண்ணுக்குத் தெரிகிறது. வண்டியோ நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. நான் இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன்.

சாலையோரத்தில் ஒரு கொட்டகைக் கடை. வாழைப்பழம் பொரித்து விற்கிற ஒரு மாக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, தனியாக அல்லாடிக்கொண்டிருந்தார். உதவிக்கு வரும் ஆள் அன்றைக்கு வரவில்லையாம். கடைக்கு முன்னால் ஒரே கூட்டம். உன் அம்மா நேராகப் போய், கரண்டு கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, காசு தருகிறோம் என்று மலாயில் கேட்டாள். மாக்சிக் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்பெக் லா, அம்பெக் லா" என்று ஐஸ் அரைக்கும் இயந்திரத்தின் பின்னால் இருந்த சுவிட்சைக் காட்டினார். எடுத்துக்கொள் என்று அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிச் செருகினோம். அரைகுறையாக ஏறுவதற்கே நேரமாகும். உன் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு பட்டுப்புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, மாக்சிக்கின் பக்கத்தில் போய் நின்று, மாவில் பழத்தை முக்கிச் சட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். "நான் சிற்றுண்டிச்சாலையில வேலை செய்யறவ" என்று மட்டும் சொன்னாளாம். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை.

நான் பெஞ்சில் இருந்தேன். கூட்டத்தில் பாதிப் பேர் பழத்தை விட்டுவிட்டு நம் மோட்டாரைச் சுற்றிக்கொண்டார்கள். எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகம், மேட்டில் ஏறுமா என்று கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? சோற்றுத் தட்டோடு நீ எங்களுக்கு எடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். காருக்கு என்ன வரி விலக்கு, மோட்டாருக்கு எப்படித் தள்ளுபடி, யாருக்குக் கிடைக்கும், பெட்ரோலை நம்பி நாடு எத்தனை நாள் ஓட முடியும், எல்லாம். கையை வீசி வீசிப் பேசினேன். மழையில் ஷாக் அடிக்காதா என்று ஒருவர் கேட்டார். "சேச்சே, அதெல்லாம் தெரியாதவங்க கிளப்பிவிடுற பேச்சு" என்று சொன்னேன். சட்டிக்குப் பக்கத்தில் இருந்து உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது!

அங்கே பாக் டின் என்று ஒருவர். சொந்தமாகக் கொஞ்சம் கித்தா ரப்பர் மரம் வைத்துப் பால் வெட்டுகிறவர். எல்லாரும் பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார். "பேட்டரி செத்துப்போனா யார் மாத்தித் தருவாங்க? பழுதானா பாலிங்கில் எந்தக் கடைக்குப் போறது? என் தோப்பு உள்ளே இருக்கு, அங்கே கரண்டே இல்லை. எனக்கும் வாங்க ஆசைதான்." கேலியாகக் கேட்கவில்லை. தன் மோட்டாரின் ஹேண்டிலைத் தடவிக்கொண்டே கேட்டார். "என் மகள் படிச்சவ, ஹைடெக் பூங்காவில் வேலை செய்யுது, கேட்டுச் சொல்றேன்" என்றேன். அங்கேயே உனக்குப் போன் போட்டேன். நீ ஷிப்டில் இருந்தாய், எடுக்கவில்லை. பிறகு அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. வளைகாப்பு அமளியில் அது எங்கேயோ போய்விட்டது.

வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது உன் சித்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, நீ வராம முதல் வளையல் போட்டுக்க மாட்டேன்னு என் மக ஒத்தக் கால்ல நிக்கிறா. எல்லாரும் பசியோட இருக்காங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சி, "ஏன்க்கா ஒம்மேல வாழப்பழ வாசன வருது?" என்று கேட்டாள். உன் அம்மா நேராக உள்ளே போய், பெண்ணின் மருதாணிக் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். மாக்சிக் கொடுத்தனுப்பிய ஒரு பெரிய பை நிறையப் பழப் பொரியல், பந்தியில் முறுக்குக்கு முன்னால் தீர்ந்துபோனது. முன்னே கடையிலிருந்து கிளம்புகையில் மாக்சிக்கிடம் கரண்டுக்குக் காசு கொடுக்கப் போனபோது அவர் உன் அம்மாவின் கையை மடக்கிவிட்டு, "அடுத்த வாரமும் வா" என்று சொன்னார். இவள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைக்கவில்லை. மறுவாரம் போகவும் போனாள், அந்தத் தடவை வண்டியை நடுவில் ஒரு இடத்தில் சார்ஜ் போட்டு, ஒரு சொட்டுக் கவலை இல்லாமல். அந்த நடு இடம் எதுவென்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது எனக்குத் தெரியாத சிநேகிதிகள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான். உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. நீ சொன்ன அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் உன் அம்மா இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். தூரத்தில் யாரோ ஒரு அதிகாரி ஒரு தாளில் எழுதியது, நம் வீட்டில் ஒரு பொம்பளையை வேலையில் வைத்திருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன், ஒரு கண்ணால் என்றாலும். ஆகவே உன் வேலையை யாராவது வெறும் காகித வேலை என்று சொன்னால் நம்பாதே. அதே சமயம், கூட்டத்தில் பெரிய பெரிய காரைப் பற்றியும், ஹைவேயில் வைக்கிற பெரிய சார்ஜ் நிலையங்களைப் பற்றியும் பேச்சு வரும்போது, பாக் டின் கேட்டதையும் ஒரு தடவை கேட்டுவிடு. மோட்டாருக்கு அவ்வளவு பெரிய நிலையம் தேவையில்லை. கடைத்தெருவில், கோவிலில், தொழுகைக்குப் போகிற சூராவில், கிளினிக் வாசலில் ஒரு சாதாரண சுவிட்ச் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா தப்பா என்று நீ படித்துப் பார்த்துச் சொல். நான் நினைப்பது தப்பாக இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு மழை ஷாக் அனுபவம் இருக்கிறது. கூட்டத்தில் கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கேள். முதல் தடவை யாரும் பதில் சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தில் மறுபடி கேள். உன் அம்மா வயிற்றில் பிறந்தவள் நீ, இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பதில் கிடைத்தால் எனக்குச் சொல்லு. நான் பஸ் ஏறிப்போய் பாக் டினைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வருகிறேன். அவர் எந்தக் கடையில் பழம் தின்பார் என்று எனக்குத் தெரியும்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்காராதே. எந்த மேசையில் சத்தம் அதிகமோ அங்கே போய் உட்கார். உனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்கக் கூடாது என்று உன் அம்மா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் எடுக்கவில்லை, எடுக்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு நீ வரும்போது கூலிம் பஸ் நிலையத்தில் இறங்கி டாக்ஸி, கிராப் என்று எதையும் கூப்பிட வேண்டாம். உன் அம்மா வருகிறாள். உனக்காகப் புது ஹெல்மட் வாங்கி, அதில் பூப்படம் ஒட்டி, சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என்னையும் கூட்டிப் போ என்று கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பேருக்குத்தான் எடம். நீங்க வீட்டுல இருந்து சோறாக்குங்க" என்று சொல்லிவிட்டாள். பெரிய பெட்டி கொண்டு வராதே, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பை போதும். நான் மீன் குழம்பு வைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன். நீங்கள் வருகிற சத்தம் எனக்குக் கேட்காது, அதனால் முனையில் திரும்பும்போதே "அப்பா" என்று ஒரு குரல் கொடு.

உன் அப்பா